மலையிலிருந்து மருத்துவமனைக்கு: குறைந்த செலவில் காரை நோயாளிக்கு ஏற்றதாக்குவது எப்படி?

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புபவருக்கு அன்றைய தினத்தின் கடினமான செயல் எது? நடப்பது என்றோ, வீட்டு வாசற்படி ஏறுவது என்றோ பலரும் விடை சொல்வார்கள். உண்மையில், மருத்துவமனை முகப்பில் காத்திருக்கும் காரில் ஏறி அமர்வதே எல்லாவற்றிலும் கடினமானது. குனிய வேண்டும், சில விநாடிகள் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும், உடலைத் திருப்ப வேண்டும், அப்போது பற்றிக்கொள்ள உறுதியான பொருள் எதுவும் கைக்கு எட்டாது. மறுவாழ்வு மருத்துவத்தில் இந்தச் செயல்களைத் தனித்தனியே நாள்கணக்கில் பயிற்றுவிக்கிறோம். கார் அவை அனைத்தையும் ஒரே நேரத்தில் கேட்கிறது.

திருச்சிராப்பள்ளி, பெரம்பலூர், சேலம் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் பச்சைமலையிலிருந்து வரும் நோயாளிகளுக்கு இது இன்னும் பெரிய செய்தி. டாப் செங்காட்டுப்பட்டியிலிருந்து மலைப்பாதையில் இறங்கி, சோபனபுரம், துறையூர், மண்ணச்சநல்லூர் வழியாக நம்பர் 1 டோல்கேட்டை அடைந்து, கொள்ளிடத்தையும் காவிரியையும் கடந்து நகருக்குள் வர ஏறத்தாழ 80 கி.மீ. ஆகிறது. முதல் பகுதி முழுவதும் வளைவுகள். மரவள்ளியும் முந்திரியும் விளையும் அந்த ஊர்களில் சொந்தமாகக் கார் வைத்திருப்போர் குறைவு. உறவினரின் பழைய காரோ, வாடகைக்கு அமர்த்திய பொலிரோவோதான் வருகிறது. வண்டி யாருடையதாயினும் அதில் அமர்ந்து வருபவரின் வலி அவருடையதே. பயணம் வேதனை தருவதாலேயே மறுபரிசோதனையைத் தள்ளிப்போடுபவர்களை ஒவ்வொரு மாதமும் காண்கிறேன். தையல் பிரிக்க வேண்டிய நாள் கடந்துவிடுகிறது. இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்து இரண்டு வாரம் ஆகிவிடுகிறது. பக்கவாதத்துக்குப் பிந்தைய பயிற்சி பாதியில் நின்றுவிடுகிறது. அவர்களிடம் காரணம் கேட்டால், பலர் பணத்தைவிட முன்னதாகச் சொல்வது, "அந்த வண்டியில் உட்கார முடியவில்லை" என்பதைத்தான்.

கார் அலங்காரக் கடைக்குள் நுழைந்தால் வண்ண விளக்குகள், பளபளக்கும் இருக்கை உறைகள், வாசனைக் குப்பிகள், முன்பக்க இரும்புக் கம்பிகள் ஆகியவை கண்ணைப் பறிக்கும். நோயாளிக்கு உண்மையில் பயன்படும் பொருள்கள் அந்தக் கடையின் ஒரு மூலையில் சில உண்டு. மற்றவை மெத்தைக் கடையிலும், தையல்காரரிடமும், தச்சரிடமும், உங்கள் வீட்டுப் பரணிலும் இருக்கின்றன. இக்கட்டுரையில் நான் பரிந்துரைக்கும் பெரும்பாலானவற்றைச் சேர்த்து வாங்கினாலும் என் கணிப்பில் இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டாது. மலிவாகக் கிடைப்பவற்றுள் தீங்கு செய்யக்கூடியவையும் உள்ளன. அவற்றையும் ஆங்காங்கே சொல்லிச் செல்கிறேன்.

முதலில் ஓர் அளவுநாடா

எதையும் வாங்குவதற்கு முன் இரண்டு அளவுகளை எடுங்கள். ஒன்று, தரையிலிருந்து கார் இருக்கையின் விளிம்பு வரையிலான உயரம். மற்றொன்று, நோயாளி செருப்புடன் நிற்கும்போது தரையிலிருந்து முழங்காலின் பின்குழி வரையிலான உயரம். இரண்டும் ஏறத்தாழ சமமாக இருந்தால், அல்லது இருக்கை சற்றே உயரமாக இருந்தால், உட்காருவதும் எழுவதும் எளிது. இருக்கை தாழ்ந்திருந்தால் எழும்போது தொடைத் தசைகள் முழுச் சுமையையும் தூக்க வேண்டியிருக்கும். இடுப்பு மூட்டு மாற்றப்பட்டவருக்கோ அது வெறும் சிரமம் மட்டுமன்று: முழங்கால் இடுப்பைவிட உயர்ந்து நிற்கும்படி ஆழமாக அமர்ந்தால், முதல் சில வாரங்களில் புதிய மூட்டு இடம் பெயரவும் கூடும்.

சிறிய ஹேட்ச்பேக் கார்கள் பலவற்றில் இருக்கை தாழ்வு. வேகன்-ஆர் போன்ற உயரமான உடல் கொண்ட கார்களில் அநேகமாகச் சரியான உயரம் அமைந்துவிடுகிறது. முதியோர் உள்ள வீடுகளில் அந்த வகைக் கார்களுக்கு இருக்கும் மதிப்பு காரணமின்றி வந்ததன்று. பொலிரோவில் நிலைமை தலைகீழ்: ஏறுவதற்கே ஒரு படி வேண்டும்.

தாழ்ந்த இருக்கைக்குத் தீர்வு மெத்தைக் கடையில் கிடைக்கும் கெட்டியான நுரைப்பஞ்சு. பின்பக்கம் 8 செ.மீ., முன்பக்கம் 5 செ.மீ. எனச் சரிவாக வெட்டித் தரச் சொல்லுங்கள். கார் இருக்கை பொதுவாகப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். இந்தச் சரிவு அந்தப் பள்ளத்தை நிரப்பி இடுப்பை உயர்த்தும். வழுக்காத பருத்தித் துணியில் உறை தைத்து, அடியில் வெல்க்ரோ பட்டையோ ரப்பர் விரிப்போ சேர்த்துவிட்டால் போதும். இலவம்பஞ்சுத் தலையணை இதற்கு உதவாது; அமர்ந்த அரை மணி நேரத்தில் அமுங்கிவிடும். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூன்று தலையணைகளை அடுக்குவது ஆபத்து. திடீரென வண்டி நிற்கும்போது மென்மையான அடுக்கு நசுங்கி, உடல் பெல்ட்டுக்கு அடியில் முன்னோக்கி வழுக்கும். இடுப்பெலும்பின் மேல் இருக்க வேண்டிய பட்டை வயிற்றுக்குள் அழுந்தும்.

உயரமான வண்டிக்குப் பூசையறை மணைப்பலகையே சிறந்த துணைக்கருவி என்று சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். 15 செ.மீ. உயரமும், இரண்டு பாதங்களும் அகலமாகப் பதியும் அளவு பரப்பும் கொண்ட மரப்படி ஒன்றைத் தச்சர் அரை நாளில் செய்து தருவார். நான்கு கால்களின் அடியிலும் பழைய சைக்கிள் டயர்த் துண்டை ஆணியடித்தால் வழுக்காது. பிளாஸ்டிக் முக்காலியைத் தவிர்க்கவும்; அது கவிழும், பழையதானால் உடையும். ஏறியதும் அந்தப் படியைப் பின்பக்கச் சாமான் பகுதியில் வைக்க வேண்டும். காலடியில் வைக்கக் கூடாது.

உட்கார்ந்த பிறகே கால்கள் உள்ளே

நாம் எல்லோரும் பழகிய முறை, ஒரு காலை உள்ளே வைத்துக் குனிந்து நுழைவது. நோயாளிக்கு அந்த முறை ஆகாது. முன் இருக்கையை முழுவதும் பின்னுக்குத் தள்ளி, சாய்வுப்பகுதியைச் சற்றே சாயுங்கள். நோயாளி காருக்கு முதுகு காட்டி நின்று, முழங்காலின் பின்புறம் இருக்கையின் விளிம்பைத் தொடும்வரை பின்னோக்கி நகர வேண்டும். பிறகு தலையைக் காத்துக்கொண்டு மெதுவாக அமர வேண்டும். அமர்ந்த பின்னரே இரு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். இறங்குவது இதன் மறுதலை.

அந்தத் திருப்பலில்தான் வலி அதிகம், ஏனெனில் துணி உறை உடையைப் பிடித்துக்கொள்கிறது. இதற்காகச் சுழலும் வட்டத் திண்டுகள் விற்கப்படுகின்றன. தட்டையான நாற்காலியில் அவை நன்றாகச் சுழலும். ஆனால் பக்கங்கள் உயர்ந்து நடுவில் குழிந்த கார் இருக்கையில் உடல் எடை விழுந்ததும் அவை பெரும்பாலும் சுழல்வதில்லை. பணம் கொடுத்து வாங்கச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. அதே வேலையை வழுக்கும் துணி ஒன்று செய்யும். வெளிநாட்டு மருத்துவமனைகளில் பிளாஸ்டிக் பையை இருக்கையில் விரித்து அமரச் சொல்வார்கள். தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கைப்பைகள் 2019 சனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளதால், கிழிந்த மழைக்கோட்டின் முதுகுப் பகுதியை வெட்டி வைத்துக்கொள்ளலாம். எதுவாயினும், நோயாளி நேராக அமர்ந்ததும் அந்தத் துணியை உருவி எடுத்துவிட வேண்டும். திருப்புவதற்கு உதவும் வழுக்கல், பயணத்தின்போது பெல்ட்டின் அடியில் உடலை நழுவச் செய்யும்.

கைக்குப் பிடி எது என்பது அடுத்த கேள்வி. பலர் திறந்த கதவைப் பற்றி எழுகிறார்கள். கதவு அசைந்தால் உடலும் அசையும். கூரையோரக் கைப்பிடி சமநிலைக்காக மட்டுமே. முழு எடையையும் அதில் தொங்கவிடக் கூடாது. கதவு பூட்டிக்கொள்ளும் இடத்தில், காரின் சட்டத்தில் பொருத்தப்பட்ட ‘ப’ வடிவ உலோகக் கொண்டியில் நுழைத்துப் பிடித்துக்கொள்ளும் கைப்பிடிகள் இப்போது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. முழங்கால் தேய்வும் முதுகுவலியும் உள்ளவர்களுக்கு நான் மனமாரப் பரிந்துரைக்கும் ஒரே கடைச்சரக்கு இது. வாங்கும்போது உங்கள் காரின் கொண்டியில் அது ஆழமாக நுழைகிறதா என்று பொருத்திப் பாருங்கள். தாங்கும் எடை அதன்மேல் எழுதப்பட்டிருக்கும். கதவை மூடும் முன் கைப்பிடியை எடுத்துவிட வேண்டும்.

பக்கவாதம் வந்தவரை ஏற்றும்போது செயலிழந்த கையைப் பற்றி ஒருபோதும் இழுக்காதீர்கள். தோள்மூட்டைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருப்பதால் மூட்டு நழுவி மாதக்கணக்கில் வலி நிற்கும். இடுப்பைச் சுற்றி அகலமான கித்தான் பட்டையைக் கட்டி, அதைப் பற்றித் தாங்குங்கள். பலவீனமான காலை உள்ளே தூக்கி வைக்க, பழைய பருத்தி வேட்டியைக் கண்ணியாக முடிந்து பாதத்தின் அடியில் கொடுத்துத் தூக்கினால் நோயாளி தம் நல்ல கையாலேயே செய்துகொள்வார். இதைத் தாமாகச் செய்துகொள்ள முடிகிறபோது அவர்கள் முகத்தில் தோன்றும் நிறைவு எனக்குப் பழகியது; பிறர் தம்மைத் தூக்கிப் போடுவது அவர்களுக்கு வலியைவிடக் கூச்சம் தருகிறது.

வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதும் முக்கியம். சாக்கடை ஓரத்திலோ சரிவிலோ நிறுத்தினால் மேற்சொன்ன எதுவும் பயன் தராது. மலை ஊர்களில் சமதளம் கிடைப்பது அரிது. கைத்தடையைப் போட்டு, கியரில் நிறுத்தி, சக்கரத்துக்கு அடியில் கல் வைத்த பிறகே நோயாளியை அழைத்து வாருங்கள். ஓட்டுநர்களுக்கு இது தெரியும்; அவசரத்தில் விட்டுவிடுவார்கள்.

பெல்ட்டும் அறுவைத் தழும்பும்

மூன்று முனைகளில் இறுகும் இருக்கைப் பட்டையை 1959ஆம் ஆண்டு வோல்வோ நிறுவனத்தில் நில்ஸ் போலின் என்னும் பொறியாளர் உருவாக்கினார். மார்பெலும்பு, தோள்பட்டை, இடுப்பெலும்பு என்னும் உறுதியான பகுதிகளில் விசையைப் பகிர்ந்தளிப்பதே அதன் தத்துவம். இதய அறுவை சிகிச்சையோ வயிற்று அறுவை சிகிச்சையோ செய்துகொண்டவர்கள், "தழும்பில் அழுத்துகிறது" என்று பெல்ட் அணிய மறுப்பது அன்றாடக் காட்சி. தடிமன் குறைந்த சிறு துண்டை மடித்துப் பட்டைக்கும் தழும்புக்கும் இடையே வையுங்கள். கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் அல்லாமல் இடுப்பெலும்பின் மேல் தாழ அமையட்டும். கருவுற்ற பெண்களுக்கும் அப்படியே: கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில், மேற்பட்டை இரு மார்புகளுக்கு இடையில். மார்பெலும்பை அறுத்து இதய சிகிச்சை பெற்றவர் முதல் சில வாரங்கள் பின் இருக்கையில் அமர்வது நல்லது. காற்றுப்பை விரியும் விசை அந்த எலும்புக்கு ஆகாது.

பின் இருக்கை என்றதும் பெல்ட் வேண்டாம் என்று பொருள் கொள்ள வேண்டாம். 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே நிகழ்ந்த விபத்தில் டாட்டா சன்ஸ் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்தார். விலையுயர்ந்த காரின் பின் இருக்கையில் பெல்ட் அணியாமல் அமர்ந்திருந்தார். நம் ஊர்க் கார்களில் பின் இருக்கைப் பெல்ட்டின் கொக்கிகள், அழகுக்காகப் போட்ட உறைக்கு அடியில் புதைந்து கிடக்கின்றன. உறையில் துளையிட்டு அவற்றை வெளியே எடுத்து விடச் சொல்லுங்கள். தையல்காரருக்குப் பத்து நிமிட வேலை.

உறையைப் பற்றி இன்னொரு சொல். சில கார்களில் பக்கவாட்டுக் காற்றுப்பை இருக்கையின் ஓரத்துக்குள்ளேயே இருக்கும். அங்கே ஒரு சிறு முத்திரை தெரியும். அதை மூடி இறுகத் தைத்த உறை, காற்றுப்பை விரிவதைத் தடுக்கும். பெல்ட் அணியாதபோது எழும் எச்சரிக்கை ஒலியை நிறுத்துவதற்கென்றே ஓர் உலோக நாக்கு கடைகளில் விற்கப்பட்டது. 2023 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய வணிக நிறுவனங்களுக்கு எதிராக ஆணை பிறப்பித்து, 13,118 விற்பனைப் பதிவுகளை நீக்கச் செய்தது. இன்னும் உங்கள் காரில் அது இருந்தால் எறிந்துவிடுங்கள். முன்பக்க இரும்புக் கம்பியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: மோதலின் விசையை உறிஞ்சி நசுங்க வேண்டிய பகுதியை நசுங்கவிடாமல் செய்வதாலும், பாதசாரிக்குப் பெருங்காயம் விளைவிப்பதாலும், 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அவற்றுக்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதியுள்ளது.

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் மோதி அரை மீட்டருக்குள் நின்றால், உள்ளே கட்டப்படாத ஒவ்வொரு பொருளும் தன் எடையைப்போல் ஏறத்தாழ இருபது மடங்கு விசையுடன் முன்னோக்கிப் பாயும். ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டி 20 கிலோவாகும். மடியில் வைத்திருக்கும் 10 கிலோ குழந்தை 200 கிலோவாகும். அதைப் பிடித்து நிறுத்தும் கை எந்தத் தாய்க்கும் இல்லை. ஆகவே ஊன்றுகோல், நடைச்சட்டம், சாப்பாட்டுக் கூடை எல்லாம் பின்பக்கச் சாமான் பகுதியில் இருக்க வேண்டும். அங்கே ஒரு வலை கட்டிக்கொள்ளலாம்; மலிவானது, உருப்படியானது. ஓட்டுநரின் காலடியில் உருளும் புட்டியும், இரண்டடுக்காகப் போட்ட கால்மிதியும் பிரேக் மிதிக்கு அடியில் சிக்கக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வளைவுகளில் வரும் குமட்டல்

மலைப்பாதையில் வாந்தி எடுப்பது வயிற்றின் கோளாறன்று. உட்செவி உடல் அசைவதை உணர்கிறது. காருக்குள் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணோ அசைவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டில் மூளை தடுமாறுகிறது. எனவே முன் இருக்கை, தொலைவில் பதியும் பார்வை, தலையை அசையாமல் தாங்கும் கழுத்துத் திண்டு ஆகிய மூன்றும் மாத்திரைக்கு முந்திய மருந்துகள். கழுத்துத் திண்டுக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. துண்டை உருட்டி இரு புறமும் கொடுத்தால் போதும். புறப்படும் முன் இட்லி போன்ற எளிய உணவை அளவாக உண்ணலாம். வெறும் வயிறும் குமட்டும். நீரிழிவு மாத்திரை உண்பவருக்கு வெறும் வயிறு அதைவிட மோசம்.

கடுமையான வாசனைக் குப்பியைக் கழற்றிவிடுங்கள். மூடிய காரில் அது குமட்டலைக் கூட்டும்; ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுத் திணறலைத் தூண்டும். மலைக்காற்று உள்ளே வரும்படி கண்ணாடியை இறக்குவதைவிட நல்ல வாசனை பச்சைமலையில் வேறு எதுவும் இல்லை. வாந்திக்கென மூடியுள்ள சிறு பிளாஸ்டிக் வாளியும் ஒரு பழைய துண்டும் இருக்கட்டும். குமட்டல் மாத்திரைகள் சில தூக்கத்தையும் சிறுநீர் அடைப்பையும் உண்டாக்கும்; முதியவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் தர வேண்டாம்.

வெயில் தரும் தொல்லை

மலையடிவாரத்தைத் தாண்டியதும் வெயில் தாக்கத் தொடங்கும். கோடையில் திருச்சியின் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவது வழக்கமே. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் 2005ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், நிறுத்திய காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி உயர்ந்தது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறியது. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்தது பெரிதாக உதவவில்லை. நோயாளியையோ குழந்தையையோ காரில் விட்டுவிட்டு மருந்து வாங்கச் செல்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இன்சுலினும் அந்த வெப்பத்தில் வீணாகிவிடும். பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பொதுவாக 30 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். அகன்ற வாயுள்ள சிறு தெர்மோஸ் குடுவையில், குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஒரு பையில் இட்டு, அதனருகே மருந்தை வைத்து எடுத்து வரலாம். பனிக்கட்டியை நேரடியாக ஒட்டி வைக்கக் கூடாது. உறைந்த இன்சுலினும் பயனற்றதே. கார் முகப்புப் பெட்டியில் மருந்துகளை விட்டுச் செல்வது பலரின் பழக்கம், மாற்றிக்கொள்ளுங்கள்.

கண்ணாடியில் கருப்புப் படலம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரல் 27 அன்று தடை செய்தது. நிறுத்தியிருக்கும்போது முன்கண்ணாடிக்கு உள்ளே விரிக்கும் வெள்ளி நிற மடிப்புத் திரை சில நூறு ரூபாய்தான். இருக்கையும் கைச்சக்கரமும் சுடாமல் காக்கும். உணர்ச்சி குன்றிய கால்களை உடைய நீரிழிவு நோயாளிக்குச் சுடும் இருக்கைக் கொக்கி கூடப் புண் உண்டாக்கும்.

ஆக்சிஜன், சிறுநீர்ப் பை

நுரையீரல் நோயாளிகள் சிலர் ஏ வகைச் சிறு உருளையுடன் வருகிறார்கள். அதில் முழுமையாக நிரப்பினால் 750 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் கணக்குப்படி ஆறு மணி நேரம். பச்சைமலையிலிருந்து வந்து திரும்பும் ஒரு நாளுக்கு அது போதாமல் போகலாம். திரும்பும் முன் அளவியைப் பாருங்கள். உருளையைப் பெல்ட்டால் இறுகக் கட்டுங்கள், கண்ணாடியைச் சற்றே இறக்குங்கள், வால்வில் எண்ணெய்க் கை படக் கூடாது, புகைபிடிப்பவர் ஏறக் கூடாது. மின்சாரத்தில் இயங்கும் ஆக்சிஜன் கருவியைக் காரின் 12 வோல்ட் துளையில் செருக விரும்பினால், அந்தத் துளை பெரும்பாலும் 120 வாட் அளவே தாங்கும் என்பதை அறிந்து, கருவியின் மீதுள்ள அளவைப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டவரின் பையைக் கூரைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு வருவதை அடிக்கடி காண்கிறேன். பை எப்போதும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிறுநீர் பின்னோக்கிச் சென்று தொற்று உண்டாகும். இருக்கையின் முன்விளிம்புக்குக் கீழே ஒரு ‘எஸ்’ கொக்கி போதும். காலில் கட்டும் சிறு பை அதைவிட வசதி. புறப்படும் முன் பையைக் காலி செய்யுங்கள். குழாய் தொடைக்கு அடியிலும் கதவிலும் நசுங்காமல் பாருங்கள். குழாய் இல்லாத முதிய ஆண்களுக்கு மருத்துவமனையில் கொடுக்கும் பிளாஸ்டிக் சிறுநீர்க் குடுவை ஒன்று காரில் இருந்தால், வழியில் கழிவறை கிடைக்காது என்று அஞ்சித் தண்ணீர் குடிக்காமல் வரும் பழக்கம் தீரும். பெண்களின் நிலை இன்னும் கடினம். துறையூரில் நிறுத்தி இறங்கக்கூடிய ஓரிடத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

அங்கே இறங்கி நான்கு அடி நடப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. நான்கு மணி நேரமும் அதற்கு மேலும் அசையாமல் பயணிப்போருக்குக் கால் சிரைகளில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் தெரிவித்தது. இடுப்பு, முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்தவருக்கு அதைவிடக் குறைந்த நேரமும் கணக்கில் வரும். காரில் இருக்கும்போதே பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள்.

பயணம் இனிமையாகவும் இருக்கலாம்

வாரம் இருமுறையோ மும்முறையோ இரத்தச் சுத்திகரிப்புக்காக வருபவருக்கு அந்தக் கார் ஏறத்தாழ ஒரு வீடு. நாங்கள் பாதுகாப்பைப் பற்றியே பேசுகிறோம். அவர்கள் கேட்பது வேறு. ஒரு பெரியவர் வேண்டியது பழைய திரைப்பாடல்கள் நிறைந்த ஒரு பென் டிரைவ் மட்டும். அவருடைய பேரன் அதை நிரப்பித் தந்த பிறகு வழியில் அவர் சுருங்கி அமர்வதில்லை. மறதி நோய் உள்ளவர்கள் காரில் பதற்றமடைந்து கதவைத் திறக்க முயல்வார்கள். அவர்கள் இளமையில் கேட்ட பாட்டு ஒலித்தால் பலர் அமைதியடைகிறார்கள். பின்கதவின் குழந்தைப் பூட்டையும் போட்டு வையுங்கள். அதற்குச் செலவே இல்லை.

முதுகின் கீழ்வளைவில் உருட்டிய துண்டு, பின்னால் அமர்ந்திருப்பவரின் முகத்தை ஓட்டுநருக்குக் காட்டும் சிறு துணைக்கண்ணாடி, கைப்பேசித் தாங்கி ஆகியவை சிறு செலவுகள். தாங்கியைக் காற்றுப்பை மூடியின் மேல் ஒட்ட வேண்டாம். அந்த இடம் சாமி படத்துக்கும் உரியதன்று. பக்கத்தில் நகர்த்தி வைத்தாலும் அருள் குறையாது. மூளை முடக்குவாதம் உள்ள சிறுவர்கள் சாளரத்துக்கு எட்டாத உயரத்தில் சரிந்து கிடந்தால் வழியெல்லாம் கூரையையே பார்த்து வருகிறார்கள். அவர்களுக்கு உரிய இருக்கையைப் பொருத்தி நிமிர்த்தி அமர்த்துவது பாதுகாப்புக்கு மட்டுமன்று. கொள்ளிடப் பாலத்தில் வரும்போது திருவரங்கத்து இராஜகோபுரம் அவர்கள் கண்ணிலும் பட வேண்டும். அத்தகைய இருக்கைக்கான அளவை எங்கள் பிரிவில் எடுத்துத் தருகிறோம்.

இவை அனைத்தும் திட்டமிட்ட பயணங்களுக்கே பொருந்தும். திடீர் நெஞ்சுவலி, ஒரு பக்கம் செயலிழத்தல், பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல், பெருங்காயம் ஆகியவற்றுக்குக் காரைத் தேடி நேரம் போக்காமல் 108ஐ அழையுங்கள்.

அடுத்த முறை மறுபரிசோதனைக்கு வரும்போது இருக்கையின் உயரம், முழங்கால் உயரம் ஆகிய இரண்டு அளவுகளையும் மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதி வாருங்கள். வண்டி ஓட்டி வருபவரையும் வெளியே காத்திருக்க வைக்காமல் உள்ளே அழைத்து வாருங்கள். ஏற்றி இறக்கும் முறையை உங்கள் காரிலேயே, மருத்துவமனை முகப்பில் வைத்து, இயன்முறை மருத்துவர் ஒருமுறை அவருக்குச் செய்து காட்டுவார்.